ஜாக்கிக்கு மூன்று தட்டு

ஐம்பது மூட்டை உரம், பன்னிரண்டு மூட்டை அரிசி, அதற்கு மேல் பதினாலு பெண்கள். போடி கிட்டங்கித் தெருவில் காலை ஐந்தரை மணிக்கு லாரி கிளம்பத் தயாராக நின்றது. மலை ஏறுமுன் எல்லாச் சக்கரத்து நட்டுகளையும் ஒருமுறை முடுக்கிப் பார்ப்பது டிரைவர் வீரணனின் வழக்கம். ஸ்பேனர் எடுக்கச் சீட்டுக்கு அடியில் இருந்த சாமான் பெட்டியின் பூட்டைத் திறந்தவன், மூடியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றுவிட்டான். ஜாக்கி இல்லை. வீல் ஸ்பேனர் இல்லை. லிவர், சுத்தியல், குறடு, கிரீஸ் கன், ஒன்றும் இல்லை. ஒரு கிழிந்த கோணித் துண்டும் அவன் எப்போதோ தின்று போட்ட கடலைத் தோலும் மட்டும் கிடந்தன.

"என்ன தம்பி, பெட்டிக்குள்ள மூஞ்சி பாக்குறியா?" என்று மூட்டைகளின் உச்சியிலிருந்து குருவம்மாள் கேட்டாள். ஏலத் தோட்டத்தில் காயெடுக்கப் போகும் அந்தப் பெண்களுக்கு அவள்தான் தலைவி. ஐம்பதை நெருங்கும் வயது. அவள் வாய்க்குத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையே இரண்டடி தள்ளித்தான் நிற்பார்.

விஷயத்தைச் சொன்னதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். களவு எப்படி நடந்திருக்கும் என்று பதினாலு பேருக்கும் பதினாலு கதை இருந்தது. வீரணன் எதையும் காதில் வாங்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தது பூட்டை. அது உடைபடவில்லை. கீறல்கூட இல்லை. அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று அவன் அரைஞாணில் தொங்கியது. இன்னொன்று முதலாளியின் ஆபீஸ் மேசை இழுப்பறையில் இருந்தது.

முதலாளி ஜக்கையனுக்கு மூன்று லாரிகள். மூன்றும் முன்பு ஷெட்டுக்குள்தான் நிற்கும். போன மாதம் மச்சினர் கன்னையன் புதிதாக ஜீப் வாங்கினார். ஜீப்புக்கு வெயில் படக்கூடாது, மழை படக்கூடாது என்று வீரணனின் லாரியைத் தெருவுக்குத் தள்ளிவிட்டார்கள். அதற்கும் முன்பே கிளீனரை நிறுத்தியாகிவிட்டது. மலைக்குப் போகிற லாரிக்குக் கிளீனர் வேண்டும் என்று வீரணன் கேட்டபோது, பின்னால் பதினாலு பேர் சும்மாதானே உட்கார்ந்து வருகிறார்கள் என்றார் முதலாளி. அன்றிலிருந்து சக்கரத்துக்குக் கல் வைப்பது குருவம்மாள் கூட்டத்தின் வேலையாயிற்று.

அன்று சாயங்காலம் ஆபீசில் விசாரணை வெகு சுருக்கமாக முடிந்தது.

"பூட்டு ஒடயல. சாவி ஒங்கிட்ட இருக்கு. நான் யாரப் போய்க் கேக்கட்டும்?" என்றார் ஜக்கையன்.

வீரணன் மேசை இழுப்பறையைப் பார்த்தான். அதன் மேல் கன்னையன் முழங்கையை ஊன்றிக்கொண்டு, பத்திரிகையில் ஏலக்காய் விலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஊன்றியிருந்த விதத்தில் அந்த இழுப்பறையை யாராலும் திறக்க முடியாது.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. அதற்குள் சாமான்கள் சாமி முன்னால் வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்கே ஸ்டேரிங்கை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி சொன்னார். அன்று திங்கட்கிழமை. சாமான் கிடைக்கும்வரை லாரி என்ன செய்யும் என்று வீரணன் கேட்டான். வழக்கம்போல் மலைக்குப் போகும் என்றார்.

வீரணனுக்கு வேலை போவதுகூடப் பெரிதில்லை. பதினோரு வருஷம் ஓட்டியவனுக்கு இன்னொரு வண்டி எப்படியும் கிடைக்கும். ஆனால் சொந்த லாரியில் சாமான் திருடியவன் என்ற பெயரோடு போனால் போடியிலிருந்து கம்பம் வரைக்கும் ஒருத்தனும் சாவி தரமாட்டான். சிலமலை வீட்டில் அவன் பெண்டாட்டி வேலுத்தாய் அன்று சோறு போடும்போது ஒன்றுமே கேட்கவில்லை. ஊரில் அதற்குள் சேதி பரவியிருக்கிறது என்பது அதிலிருந்தே அவனுக்குத் தெரிந்தது.

செவ்வாயும் புதனும் மலையிறங்கி வந்ததும் பழைய இரும்புக் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினான். அங்கே இல்லாதது இல்லை. அவனுடைய நீலநிற ஜாக்கி மட்டும் இல்லை.

வியாழக்கிழமை, பதினோராவது வளைவில், பின்சக்கரம் வெடித்தது.

மேட்டில் நின்ற லாரி மெல்லப் பின்னால் நகர்ந்தது. வீரணன் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டு கத்துவதற்குள் பெண்கள் குதித்துவிட்டார்கள். நொடியில் நான்கு கற்கள் சக்கரங்களுக்கு அடியில் விழுந்தன. குருவம்மாள் போட்ட கல் உரல் அளவு இருந்தது. எப்படித் தூக்கினாள் என்று அவளுக்கே பிறகு தெரியவில்லை.

ஸ்டெப்னி இருந்தது. கழற்றி மாட்டத்தான் ஒன்றும் இல்லை. எட்டு மணிக்குத் தோட்டத்தில் பெரட்டு. கணக்கப்பிள்ளை பேர் வாசிக்கும்போது ஆள் நிற்காவிட்டால் அரைநாள் சம்பளம் போயிற்று. எல்லோரும் ரோட்டோரம் வரிசையாக உட்கார்ந்து, கீழேயிருந்து ஏதாவது வண்டி முனகிக்கொண்டு வருகிறதா என்று காது கொடுத்தார்கள். மூடுபனி வந்து எதிர்ச்சரிவை மறைத்தது. அவர்களில் மொக்கம்மாள் வெற்றிலைப் பையை அவிழ்த்தாள். அரைநாள் போனால் போகிறது, உட்கார்ந்து வெற்றிலை போட எவன் நமக்கு லீவு தருகிறான் என்று அவள் சொல்ல, சிரிப்பு வளைவு முழுக்கக் கேட்டது.

ஏழு மணிக்கு ஒரு லாரி வந்து, கேட்காமலே நின்றது. அந்த ரோட்டில் நின்றுபோன வண்டியைக் கண்டால் எதிரியானாலும் நிறுத்துவான். இறங்கியவன் மலைச்சாமி. வழக்கமாகக் குரங்கணிப் பக்கம் லோடு அடிப்பவன், அந்த வாரம்தான் இந்த மேட்டுப் பாதைக்கு வந்திருந்தான்.

"டயரா அண்ணே? வந்துட்டேன். ஜாக்கி புதுசா வாங்கிருக்கேன். கோளாறு புடிச்ச ஜாக்கி. ஏறும், ஆனா அதுக்கா மனசு வரணும்" என்று சொல்லிக்கொண்டே சிவப்பு நிற ஜாக்கி ஒன்றைத் தூக்கி வந்து வைத்தான். கம்பியைச் செருகி முப்பது முறை அடித்தான். ஜாக்கி அசையவில்லை. திருகைத் திருப்பி மறுபடி அடித்தான். நாலு நாளாக இதோடு மல்லுக்கட்டுகிறேன் என்று அலுத்துக்கொண்டான்.

"தள்ளு தம்பி" என்றான் வீரணன்.

அவன் எதையும் யோசிக்கவில்லை. குதிகாலால் ஜாக்கியின் அடிப்பாகத்தில் இடது பக்கமாக இரண்டு தட்டுத் தட்டினான். ஒரு மூச்சு பொறுத்தான். மூன்றாவது தட்டு தட்டிக் கம்பியை அழுத்தினான். லாரி மெதுவாக எழும்பியது. பெண்கள் ஓவென்று சத்தம் போட்டார்கள். மலைச்சாமி மட்டும் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது ஒங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

அப்போதுதான் வீரணனுக்கே உறைத்தது. கீழே குனிந்து ஒரு கல்லால் ஜாக்கியின் விளிம்பைச் சுரண்டினான். சிவப்புக்கு அடியில் நீலம் தெரிந்தது. ஆறு வருஷம் அவன் உதைத்து வளர்த்த ஜாக்கி. அவனுக்குக் கண்ணில் நீர் முட்டியது, அதே நேரம் சிரிப்பும் வந்தது.

மலைச்சாமி லேசில் கோபப்படுகிற ஆள் இல்லை. இப்போது அவன் காது சிவந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஷெட்டுக்குப் பின்வாசலில் வைத்து, பழைய சாமான் ஒழிக்கிறோம் என்று சொல்லி எல்லாவற்றையும் தனக்கு விலைக்குக் கொடுத்தவர் கன்னையன்தான் என்றான். ஜீப்புக்குப் பாட்டுப்பெட்டி வைக்கப் போவதாகவும் அவர் சொன்னாராம். பெயின்ட் கையில் ஒட்டியபோதே நான் யோசித்திருக்க வேண்டும் என்று தலையில் அடித்துக்கொண்டான்.

இருவருமாக டயரை மாட்டினார்கள். கடைசி நட்டை முடுக்கிவிட்டு, இதை இப்போதே முதலாளியிடம் போய்ச் சொல்லப் போகிறேன் என்றான் வீரணன். குருவம்மாள் அவன் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக்கொண்டாள்.

"நீ வாயத் தொறந்தா ஒஞ்சோலி போகும் தம்பி. அவரு மச்சினன நீ கள்ளன்னு சொன்னதா ஆகும்." பிறகு மலைச்சாமியின் பக்கம் திரும்பினாள். "ஏப்பா, நீ தொறந்தா ஒனக்கு என்ன போகும்?"

மலைச்சாமி கொஞ்சம் யோசித்தான். அவன் முகம் மெல்ல மலர்ந்தது. தனக்கு ஒன்றும் போகாது என்றான்.

அன்று பெரட்டுக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று லாரிகளையும் கழுவி, பம்பரில் வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் சந்தனம் தெளித்திருந்தார்கள். ஜீப்புக்கு ரோஜா மாலை. சாமி படத்துக்கு முன்னால் மற்ற இரண்டு லாரிகளின் சாமான்கள் பொட்டு வைத்துப் பளபளத்தன. வீரணனின் சாமான் இருக்க வேண்டிய இடத்தில் காலிப் பெட்டி மட்டும் இருந்தது. யாரோ விவரம் தெரியாமல் அதற்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். சூடத்தைப் பற்றவைத்து நிமிர்ந்த ஜக்கையன், பெட்டியைப் பார்த்துவிட்டு வீரணனைப் பார்த்தார். வீரணன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொரி வாங்க வந்த கூட்டத்தில் குருவம்மாளும் மொக்கம்மாளும் முன்வரிசையில் நின்றார்கள்.

அப்போது தோளில் கோணி மூட்டையோடு மலைச்சாமி உள்ளே வந்தான். குளித்து, விபூதி பூசி, வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். மூட்டையைச் சாமி முன் இறக்கி, ஜாக்கி, ஸ்பேனர், லிவர் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் கும்பிட்டான்.

"கன்னையண்ணன் எங்கிட்டக் குடுத்திருந்த சாமான் மொதலாளி. பூச நாளும் அதுவுமா அதது எடத்துல இருக்கட்டும்னு கொண்டாந்துட்டேன். நான் குடுத்தத அண்ணன் திருப்பித் தந்தாப் போதும்" என்றான் பணிவாக.

சூடம் எரிந்துகொண்டே இருந்தது. கன்னையன் ரோஜா மாலையைச் சரிசெய்யப் போனார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. மொக்கம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதை மறைக்க முடியவில்லை. பதினோரு வருஷத்தில் இப்படியொரு பூஜையை வீரணன் பார்த்ததில்லை.

ஜக்கையன் சும்மா முதலாளி ஆகவில்லை. ஒரு நிமிஷம்தான் அவர் முகம் கறுத்தது. பிறகு தீபாராதனையைக் காட்டி முடித்து, கூட்டத்தின் பக்கம் திரும்பி, நிதானமாகச் சொன்னார்.

"பாத்தீகளா. தெருவுல நிக்கிற வண்டி, சாமான் களவு போயிரக் கூடாதேன்னு எம் மச்சினன் முன்கூட்டியே எடுத்துப் பத்திரம் பண்ணிருக்கான். பொறுப்புன்னா இது பொறுப்பு."

இனிமேல் மூன்று லாரிச் சாமானும் ஆபீஸ் இரும்புப் பீரோவில்தான் இருக்கும், சாவி கன்னையனிடம் இருக்கும் என்று அங்கேயே உத்தரவும் போட்டார். லாரியில் இருந்தால்தானே களவு போகும் என்றார். மேட்டில் டயர் போனால் என்ன செய்ய என்று வீரணன் கேட்டான். ஆளனுப்பு, கொடுத்துவிடுகிறோம் என்றார். வேலை உனக்கே இருக்கட்டும் என்று பெரிய மனதோடு அவன் கையில் இரண்டு பொட்டலம் பொரி வைத்தார். மலைச்சாமிக்கு வந்த பொட்டலத்தில் பொரியோடு சில நோட்டுகளும் மடித்திருந்தன. அவன் அதை வாசலில் நின்று, எல்லோரும் பார்க்க, எண்ணிச் சரிபார்த்துவிட்டுத்தான் போனான்.

திருடன் என்ற பெயர் அன்றோடு போயிற்று. ஊருக்கே உண்மை தெரிந்துவிட்டது. சிலமலையில் வேலுத்தாய் பொரியில் வெல்லம் போட்டுப் பிசைந்து கொடுத்து, நடந்ததை மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். மொக்கம்மாள் முந்தானையால் வாயை மூடிய இடத்தில் மூன்று தரமும் சிரித்தாள்.

பத்து நாள் கழித்து, பதினாலாவது வளைவில், அதே பின்சக்கரம் போயிற்று.

பெண்கள் குதித்தார்கள். கற்கள் விழுந்தன. பழக்கதோஷத்தில் வீரணன் சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பெட்டியைத் திறந்தான். உள்ளே பதினாலு தூக்குச்சட்டிகள் அடுக்கியிருந்தன. காலி இடம் எதற்கு வீணாகக் கிடக்க வேண்டும் என்று குருவம்மாள் செய்த ஏற்பாடு. மூடியில் பூஜைச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

அன்று வேறு லாரி ஒன்றும் வரக் காணோம்; கீழே போன முதல் பஸ்ஸில் மொக்கம்மாளை ஏற்றிவிட்டார்கள். கன்னையன் எழுந்து, குளித்து, ஆபீசுக்கு வந்து, பீரோவைத் திறந்து, ரசீது எழுதிக் கொடுத்து, அவள் அந்த ஜாக்கியைச் சுமந்துகொண்டு மேலே வர மத்தியானம் ஆகும்.

"ஜாக்கி இந்நேரம் என்ன செய்யும் தம்பி?" என்று கேட்டாள் குருவம்மாள்.

"பீரோவுக்குள்ள பொட்டு வச்சுப் பூப்போட்டு ஒறங்கும்க்கா."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே தூக்குச்சட்டிகளை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். மேலே தோட்டத்தில் எட்டு மணிக்கான மணி அடித்தது. கணக்கப்பிள்ளை இப்போது பேர் வாசித்துக்கொண்டிருப்பார். லாரி லேசாக முனகியது. வீரணன் எழுந்து போய், சக்கரத்துக்கு அடியில் இன்னொரு கல்லை வைத்தான்.