ஜன்னலிடம் சொன்னது

“நிறுத்தாதீங்கம்மா. என் கூடவே எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு...”

தரையில் கிடந்த போனிலிருந்து 108-க்காரரின் குரல் வந்துகொண்டே இருந்தது. அக்கா முழங்காலிட்டு, தம்பியின் நடு நெஞ்சில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊன்றி, உடம்பின் மொத்தப் பாரத்தையும் இறக்கி அமுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அறுபத்து மூன்று வயது. பள்ளிச் சீருடை தைத்தே காலத்தை ஓட்டியவள். மெஷினை மிதித்து மிதித்துக் கால்கள் உரமேறியிருந்தன. தோள்களுக்கு இந்த வேலை புதிது.

அவள் கைக்கடியில் எதுவோ முறிந்தது. பச்சைக் குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம்.

“ஐயோ, எலும்பு! எலும்பு உடைஞ்சுபோச்சு!”

“பரவாயில்லம்மா. எலும்பு கூடிக்கும். நீங்க கையை எடுக்காதீங்க. வண்டி கிளம்பிடுச்சு. வாசக்கதவு திறந்திருக்கா?”

“இல்ல, தாழ்ப்பாள் போட்டிருக்கு.”

“பக்கத்துல யாராவது இருக்காங்களா?”

அவள் கத்திப் பார்த்தாள். நண்பகல் வேளை. மூன்றாவது மாடியில் அத்தனை பேரும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஒரு கதவும் திறக்கிற சத்தம் கேட்கவில்லை.

“சரி, நான் பத்து எண்றதுக்குள்ள ஓடிப்போய்த் திறந்துட்டு வந்துடுங்க. ஒண்ணு...”

ஏழில் திரும்பி வந்து மறுபடி அமுக்கத் தொடங்கினாள். தம்பியின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள். அவன் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்த்தபடியே அமுக்கினாள். அந்தப் பொத்தானைத் தைத்தவள் அவள்தான். அந்தச் சட்டையைத் தைத்தவளும் அவள்தான், இருவரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

பன்னிரண்டு நிமிடம் கழித்துப் படிகளில் பூட்ஸ் சத்தம் கேட்டது. நீலச் சீருடையில் இரண்டு பேர் வந்தார்கள். முதுகில் பெரிய பையைச் சுமந்த ஒரு பெண், முப்பது வயதிருக்கும். அவளுக்குப் பின்னால் மூச்சு வாங்கியபடி வண்டியோட்டி.

“நான் பாத்துக்கறேம்மா, நகருங்க” என்று சொன்ன கையோடு வண்டியோட்டி அமுக்கத் தொடங்கிவிட்டார். இடையில் ஒரு அமுக்குகூடத் தவறவில்லை. அக்காவின் கைகள் மட்டும் நிற்கத் தெரியாமல் காற்றில் இரண்டு மூன்று முறை இறங்கி ஏறின.

பெண் கத்தரியை எடுத்தாள். சட்டை இரண்டாகப் பிளந்தது. தையல் பக்கம் போகாமல் நடுத்துணியில் கோணலாக ஓடியது கத்தரி. நெஞ்சில் மின்னதிர்ச்சி தரும் இரண்டு பட்டைகளை ஒட்டிவிட்டு, “விலகுங்க, யாரும் தொடாதீங்க” என்றாள். தம்பியின் உடம்பு ஒரு தரம் தூக்கிப் போட்டது. வண்டியோட்டி மறுபடி குனிந்தார். அவர் அமுக்கிக்கொண்டிருக்க, பெண் தம்பியின் கையில் ஊசியைச் செருகி, சலைன் பாட்டிலைத் தொங்கவிட இடம் தேடினாள்.

“அம்மா, இதைக் கொஞ்சம் உயரமாப் பிடிச்சுக்கறீங்களா?”

அக்கா பிடித்துக்கொண்டாள். கொடுத்த வேலை எவ்வளவு சின்னதென்றாலும் அதைப் பற்றிக்கொண்டு நிற்க முடிந்தது.

“நீங்க அவருக்கு என்ன வேணும்?”

“அக்கா.”

“எத்தனை மணிக்கு விழுந்தாரு?”

“பதினொண்ணே முக்கால். தைச்சுக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தேன்.”

“சர்க்கரை, பிரஷர்னு ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?”

“தெரியாது.”

அந்தப் பெண் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஒரே வீட்டில்தானே இருக்கிறீர்கள் என்று கேட்கவும் இல்லை. அதற்காகவே அவளுக்கு எதையாவது கொடுக்கலாம்போல இருந்தது அக்காவுக்கு.

“காலையில நெஞ்சு வலி, எரிச்சல்னு ஏதாவது உங்ககிட்ட சொன்னாரா?”

“என்கிட்ட சொல்லல.”

“வேற யார்கிட்டயாவது?”

அக்கா பாட்டிலை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

“ஜன்னல்கிட்ட சொன்னான்” என்றாள்.

பெண் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

சித்தப்பா மகளின் கல்யாணத்தில் ஆரம்பித்தது அது. பந்தியில் யாரோ தம்பியிடம், இன்னும் தனிக்கட்டையாகவே இருக்கிறாயே என்று கேலியாகக் கேட்க, “அக்காவை விட்டுட்டு எங்கே போறது? அவளுக்காகத்தான் நானும் பண்ணிக்கல” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். அடுத்த வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா இலையை மூடிவிட்டு எழுந்தாள். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. அவனைக் கரையேற்றிவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று இரண்டு வரன்களைத் திருப்பி அனுப்பியவள் அவள். யாருக்காக யார் நின்றது? வீட்டுக்கு வந்ததும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சண்டையாகித் தீர்ந்திருக்கும். கேட்கவில்லை. தான் என்ன தப்பு செய்தோம் என்று அவனும் கேட்கவில்லை. பத்து மாதம் ஓடிவிட்டது.

அதற்காகப் பட்டினி போடவில்லை. அவள் சமைத்துத் தட்டைப் போட்டு மூடிவைப்பாள். அவன் சாப்பிட்டுக் கழுவிக் கவிழ்ப்பான். கடை கடையாகப் போய்த் தராசு பழுது பார்க்கிறவன். வரும் வழியில் அவளுக்கு நூல்கண்டு வாங்கி மெஷின்மேல் வைத்துவிட்டுப் போவான். அவசியமானதைச் சுவரிடமோ ஜன்னலிடமோ சொல்லிக்கொள்வார்கள். ‘யாரோ சாவியை மறந்துட்டுப் போறாங்க’ என்பாள். ‘யாருக்கோ போன் வந்துச்சு’ என்பான்.

“என்ன சொன்னாரு, எப்ப சொன்னாரு?” என்றாள் பெண். கேலி ஒன்றும் இல்லை குரலில். பேனாவைத் தன் கையுறையின் மேலேயே வைத்து எழுதத் தயாராக இருந்தாள்.

“எட்டு மணிக்கு. ‘யாருக்கோ நெஞ்சுல கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு’ன்னான்.” அக்கா பாட்டிலைக் கைமாற்றிப் பிடித்தாள். “நான்... என்னைக் குத்திக் காட்டறான்னு நினைச்சேன்.”

தான் பதிலுக்குச் சொன்னதை அவள் சொல்லவில்லை. ‘கல்லு யார் நெஞ்சுல இருக்குன்னு ஊருக்கே தெரியும்’ என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லியிருந்தாள். அவன் வேலைக்குப் போகாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். அதையும் வீம்பு என்றே எடுத்துக்கொண்டாள்.

‘எட்டு. நெஞ்சு பாரம்’ என்று எழுதிக்கொண்டு பெண் மறுபடி குனிந்தாள். இரண்டாவது முறை உடம்பு தூக்கிப் போட்டது. வண்டியோட்டி அமுக்கினார். அவர் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. கொஞ்ச நேரத்தில் அவள் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லி, தம்பியின் கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

“பல்ஸ் இருக்கு” என்றாள் மெல்ல. “கிளம்பலாம்.”

லிஃப்ட் இல்லாத கட்டிடம். துணி ஸ்ட்ரெச்சரில் கட்டி, ஒவ்வொரு திருப்பத்திலும் ‘மெல்ல, மெல்ல, தலைப்பக்கம் தூக்கு’ என்று இறக்கினார்கள். அக்கா பாட்டிலோடு கூடவே இறங்கினாள். வண்டியில் ஏறும்போதுதான் காலில் செருப்பில்லை என்று தெரிந்தது.

வண்டிக்குள் அவளை ஓரத்து இருக்கையில் உட்காரவைத்து சீட் பெல்ட்டைப் போட்டுவிட்டாள் பெண். பாட்டிலைக் கொக்கியில் மாட்டினாள். அக்காவின் கைகளுக்கு வேலை இல்லாமல் போனது.

“பேசுங்கம்மா அவர்கிட்ட. காது கேட்டாலும் கேக்கும்.”

“நானா?”

“நீங்கதானே அக்கா.”

சைரன் ஒலித்துக்கொண்டிருந்தது. தம்பியின் முகத்தைப் பாதி மூடியிருந்தது ஆக்ஸிஜன் முகமூடி. நெற்றியில் நரைத்த முடி ஒட்டிக் கிடந்தது. கேட்க வேண்டியதும் சொல்ல வேண்டியதும் பத்து மாதமாகச் சேர்ந்து கிடந்தன.

“டேய்” என்றாள். அப்புறம், “அடுப்பை அணைச்சிட்டேன்டா” என்றாள்.

பெண் இதயத்துடிப்பைக் காட்டும் கருவியைப் பார்த்தபடி தலையசைத்தாள், சொல்லுங்கள் என்பதுபோல.

“வெள்ளைநூல் தீந்துபோச்சு. இன்னும் நாலு சட்டைக்குக் காலர் வைக்கணும். நாளைக்குத் தரணும்னு சொல்லியிருக்காங்க. கேக்குதாடா?”

அவன் இமை அசைந்ததா, வண்டிதான் குலுங்கியதா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

பாலம் இறங்கும்போது கருவி வேறுவிதமாகக் கத்தத் தொடங்கியது. பெண் எழுந்துவிட்டாள். ஓடுகிற வண்டியில் ஒரு காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து நின்றுகொண்டு, தன் எடை முழுவதையும் இறக்கி அமுக்கினாள். “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று முன்பக்கம் பார்த்துக் கத்தினாள். “நாலு நிமிஷம்!” என்று பதில் வந்தது. அக்கா தன்னை அறியாமல் எண்ணத் தொடங்கினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அவள் எண்ணுவதற்கு ஏற்றபடி அந்தப் பெண் அமுக்கினாள். அல்லது அந்தப் பெண் அமுக்குவதற்கு ஏற்றபடி அவள் எண்ணினாள்.

மருத்துவமனைக் கதவுகள் அவர்கள் முன்னால் திறந்து, அக்காவின் முன்னால் மூடிக்கொண்டன.

ஒன்று பத்துக்கு மருத்துவர் வெளியே வந்து சொன்னார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். அக்காவும், சரிங்க என்று மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டாள்.

அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் கொஞ்ச நேரம் கழித்து யாரோ வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பெண்தான். கையுறையைக் கழற்றியிருந்தாள். விரல்கள் நீரில் ஊறியதுபோலச் சுருங்கி வெளுத்திருந்தன. ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

“கை வலிக்குதாம்மா?”

“ம்.”

“ரெண்டு நாளைக்கு இருக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுங்க.”

அக்கா தண்ணீரைக் குடிக்கவில்லை.

“எட்டு மணிக்கே கூப்பிட்டிருந்தா?” என்று கேட்டாள்.

பெண் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்மா. கூப்பிட்டிருந்தா இன்னும் கொஞ்சம் வாய்ப்பு இருந்திருக்கும். ஆனா பாதிப் பேரு வாயுன்னு நினைச்சு வீட்டுலயே இருந்துடறாங்க, அதுவும் நெஜம்.” அக்கா பக்கம் திரும்பினாள். “நாங்க வர்ற வரைக்கும் யாரும் அமுக்காம நின்னுக்கிட்டு இருந்தா, வந்து செய்யறதுக்கு எங்களுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது. அவருக்கு மறுபடி துடிச்சுச்சே, அரைமணி நேரம், அது உங்க கையில வந்தது.”

“அரைமணி நேரம்” என்றாள் அக்கா.

“ஆமாம்மா.”

இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. ஏதோ ஒரு தெரு, ஏதோ ஒரு வீட்டு எண். பெண் எழுந்தாள். அக்காவின் தோளில் கையை வைத்து ஒரு கணம் நின்றுவிட்டு, நடையும் ஓட்டமுமாகப் போனாள்.

உடலை எடுக்க எந்த உறவுக்காரர் காலையில் வருவார், எந்தப் படிவத்தில் எங்கே கையெழுத்து என்றெல்லாம் முடித்துக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் பையில் தம்பியின் பொருள்களை வாங்கிக்கொண்டு, யாரோ கொடுத்த ரப்பர் செருப்பில் அவள் பேருந்தேறி வீடு சேர்ந்தபோது மணி நான்கரை. எதிர்வீட்டுக்காரம்மா இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை.

கூடத்தில் கிழித்துப்போட்ட உறைகள் சிதறிக் கிடந்தன. ஒரு நீலக் கையுறை நாற்காலிக்கடியில் உள்புறம் வெளியாகப் புரண்டு கிடந்தது. அவள் பெருக்கினாள். துடைத்தாள். ஈரம் காயும்வரை ஓரமாக நின்றாள். அப்புறம் கூடத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

பைக்குள் தம்பியின் போன் அடித்தது. அவள் எடுத்தாள்.

“அண்ணே, மளிகைக்கடைலேருந்து பேசறேன். தராசு மறுபடி ஏறி இறங்குதுண்ணே. காலையிலேயே வர்றேன்னீங்க?”

“நான் அவனோட அக்கா பேசறேன்.”

“ஓ, சரிங்க. அண்ணன் இருக்காருங்களா?”

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அந்தப் பக்கம் யாரோ ஏதோ கேட்க, கடைக்காரர், “ஒரு நிமிஷம் இருங்க, ஆள் நிக்கறாங்க” என்று போனை எங்கேயோ வைத்துவிட்டுப் போனார்.

டின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. காகிதத்தை மடிக்கும் சத்தம் கேட்டது. சோப்பு பெரிசா சின்னதா என்று ஒரு குரல். பெரிசே கொடுங்க என்று ஒரு குழந்தை. யாரோ எதற்கோ சிரித்தார்கள். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

கடைக்காரர் மறந்துவிட்டார்போல. அக்கா போனைக் காதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டாள்.