கழுத்தில் இல்லாத தடம்

படப்பிடிப்பு இல்லாத நாளில் மாடல் ஸ்டுடியோவுக்கு வந்தாள். ஆன்லைன் துணிக்கடைக்காக மூன்று வருடமாக அவளைப் படமெடுத்து வரும் போட்டோகிராபர் அக்கா மட்டும் இருந்தாள்.

"அக்கா, போன மாசம் பச்சை கவுன் எடுத்த அன்னிக்கு என் கழுத்துல விரல் தடம் இருந்துச்சே, அந்தப் போட்டோ வேணும். புருஷன் மேல கம்ப்ளைன்ட் குடுத்திருக்கேன். ஸ்டேஷன்ல, கடை போட்ட படத்தையே காட்டி, 'கழுத்து பளபளன்னு இருக்கு, எங்கம்மா அடி?'ன்னு சிரிக்கிறாங்க."

"அது எடிட் பண்ணினது. ஒரிஜினல் இருக்கும், இரு."

அன்றைய அறுநூறு படங்களையும் போட்டோகிராபர் ஒவ்வொன்றாகத் திறந்தாள். எதிலும் தடம் இல்லை. புதிய கேமரா, படம் பிடிக்கும்போதே தோலில் இருக்கும் தடங்களைத் துடைத்துவிடும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அந்த வசதியைப் போட்டு வைத்தவள் அவளேதான்.

"நான் வந்து சொல்றேன்டி. கண்ணால பாத்தேன்னு எழுதிக் குடுக்கறேன்."

மாடல் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "பாத்தீங்களா? நீங்க ஒண்ணுமே கேக்கலையே. கவனிக்கலன்னுல்ல நெனச்சேன்."

தடத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும் என்று அன்று விட்டுவிட்டதைச் சொல்லப் போட்டோகிராபருக்கு வாய் வரவில்லை.

இருவரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தை வாங்கிப் படித்தார். "இவ்ளோ நல்லா பாத்தவங்க, ஒரு மாசம் எங்கம்மா போயிருந்தீங்க?" என்று கேட்டார்.

புகார் அப்படியே கிடப்பில் போடப்பட்டது. மாடலுக்குப் போக்கிடம் கிடையாது. புருஷன் வீட்டுக்கே திரும்பிப் போனாள்.