தம்பிஐயா முதலாளியின் துண்டுப்போர்வை

தம்பிஐயா முதலாளி ஊசியும் நூலும் எடுத்துவிட்டார் என்ற செய்தி, குறிகட்டுவான் துறைக்குப் போகும் பஸ்ஸைவிட வேகமாக இறுப்பிட்டி ஊரைச் சுற்றி வந்தது. மாத்தறையில் முப்பது வருடம் துணிக்கடை நடத்திய மனுசன். கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தடவி எந்த ஆலைச் சரக்கென்று சொல்லுவார். அறுந்த பொத்தானைத் தைக்க மட்டும் மனைவி அன்னபூரணம் வேண்டும்.

காரணம் சின்னதல்ல. கனடாவில் இருக்கும் மகள் கஜாலினி, கலியாணம் முடித்து எத்தனையோ வருடம் கழித்துப் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். கடையை மூடியபோது மிஞ்சிய வெட்டுத்துண்டுகள் ஒரு பெட்டியில் கிடந்தன. கஜாலினி தவழ்ந்து வளர்ந்தது அந்தக் கடைத் துணிகளுக்கு நடுவில்தான். அவள் பிள்ளையும் அதில் படுக்கட்டும் என்று நினைத்து, "என்ரை கையாலை ஒரு போர்வை தைச்சு அனுப்புறன்" என்று போனில் சொல்லிவிட்டார். தையற்காரரிடம் கொடுக்கலாமே என்று அன்னபூரணம் கேட்டுப் பார்த்தாள். கடையில் சொன்ன விலையைப் பத்துத் தரம் மாற்றியிருப்பார். மகளுக்குச் சொன்ன சொல்லை மாற்றமாட்டார்.

பக்கத்து வீட்டு நிரோஜினி கைபேசியைப் பார்த்துத் தானாகவே பழகி, யாழ்ப்பாணக் கடைகளுக்குத் துண்டுப்போர்வை தைத்துக் கொடுப்பவள். அவளிடம் போய்க் குந்தினார். சதுரமாக வெட்டு, வரிசையாகப் பொருத்து, அடியில் மெல்லிய பஞ்சு விரி, அதற்கும் கீழே ஒரு துணி, மூன்றையும் சேர்த்துத் தை. சொல்லுக்கு இவ்வளவுதான். அவள் ஊசி ஓடுவதைப் பார்த்து முதலாளி வாயைப் பிளந்தார்.

அவர் வெட்டிய துண்டுகள்தான் வழிக்கு வரவில்லை. நாலு மூலையும் ஒரு புள்ளியில் சேரவேண்டிய இடத்தில், நயினாதீவுப் படகில் ஏறும் சனம்போல ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. கத்தரிக்கோலைத் திட்டினார். அளக்கும் அடிமட்டத்தைத் திட்டினார். பிரித்துப் பிரித்துத் தைத்ததில் துணி பிய்ந்தது. பெட்டியின் அடி தெரியத் தொடங்கியது. கனடாவிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வந்திருந்த சசிகரன்தான் போர்வையைக் கொண்டுபோவதாக இருந்தவன். ஞாயிற்றுக்கிழமை பயணப் பெட்டி கட்டப்போகிறேன் என்று அவன் வேறு சொல்லியனுப்பினான்.

அன்று நிரோஜினி துணியைப் பார்க்கவில்லை. அவருடைய கையைப் பார்த்தாள்.

"மாமா, அடிமட்டம் வைக்கேக்கை பெருவிரலாலை துணியை இழுக்கிறியள். வெட்டினாப் பிறகு அது சுருங்கிப் போகுது."

முதலாளி தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார். விற்பனைக்காரன் விரலின் அந்த இழுவை மாத்தறைத் தெருவிலிருந்த எல்லாக் கடையிலும் உண்டு. ஆனால் அவருடையதைப்போல மெத்தென்று வேறெங்கும் இல்லை. இழுத்து அளந்தால் கஜத்துக்கு மயிரிழையளவு துணி கடைக்கு மிச்சம். எத்தனை கெட்டிக்காரிகள் துணி வாங்க வந்து நின்றார்கள், ஒருத்தி கண்டாளா? கோபம் வரவேண்டிய இடத்தில் அவருக்கு மரியாதைதான் வந்தது. இந்தப் பிள்ளை மாத்தறையில் பிறந்திருந்தால் என்றைக்கோ கடையைப் பூட்டியிருப்பேன் என்று அன்னபூரணத்திடம் சொன்னார்.

பிழை தெரிந்தும் விரல் கேட்கவில்லை. துணியைத் தொட்டதும் தன் பாட்டில் இழுத்தது. ஒரு போர்வைக்கு மட்டுமே துண்டுகள் மிச்சமிருந்தன. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

சமைத்துக்கொண்டிருந்த அன்னபூரணம் குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏன் விக்கிற மாதிரி அளக்கிறியள்? கொழும்பிலை சரக்கு வாங்கேக்கை அளப்பியளே, அப்பிடி அளவுங்கோ."

கதிரையை இழுத்துப் போட்டு, மொத்த வியாபாரிபோலக் கையைக் கட்டிக்கொண்டு எதிரே இருந்தாள்.

வாங்கும்போது அவர் துணியை இழுப்பதில்லை. நித்திரைப் பிள்ளையைக் கிடத்துவதுபோலத் தளரக் கிடத்துவார். அப்போதுதான் சுருளில் துணி குறைகிறதென்று விலையை இறக்கலாம். அந்தக் கையும் அவரிடம்தான் இருந்தது, அவருக்குத்தான் நினைவு வரவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தபடி துணியைக் கிடத்தினார். விரல் சும்மா கிடந்தது. கொழும்புக்குக் கூட வந்து பக்கத்தில் பேசாமல் நின்றவள், தன்னுடைய இரண்டு கைகளையும் இப்படிப் படித்து வைத்திருக்கிறாளே என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது.

சனிக்கிழமை போர்வை கட்டிலில் விரிந்தது. நிரோஜினி மூலை மூலையாக விரலை ஓட்டினாள். பிறகு புரட்டிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். விலை கேட்டு நிற்கிறவனைப்போல முதலாளி அவள் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு, மாமா. இப்பிடி ஒண்டு நான் குடுக்கிற கடைக்கும் தைப்பியளோ?"

"ஏலாது பிள்ளை. விக்கிறதெண்டா விரல் திரும்ப இழுக்கும்."

அன்னபூரணம் போர்வையை மடித்து, சசிகரனிடம் கொடுக்கும் பையில் வைத்தாள்.