பிரஷர் இல்லாதவருக்குப் பிரஷர் மாத்திரை

நாத்தனார் வருகிறார் என்றாலே சலவைக்கடைக்காரி அவர் கிளம்பும் நாளை எண்ணத் தொடங்கிவிடுவாள். கணவரின் அக்கா அவர். இவளுக்கு அண்ணி. தன் கணவர் இறந்த பிறகு தனியாக இருக்க முடியவில்லை, நாலு நாள் தம்பியோடு இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர், துண்டு மடிப்பது முதல் தண்ணீர் குடிப்பது வரை எல்லாவற்றுக்கும் ஒரு நொட்டை சொன்னார். கடைக்குப் பின்னால்தான் வீடு. முன்பக்கம் நாலு இயந்திரம் சுழல்கிறது, பின்பக்கம் உங்கள் அக்கா வாய் சுழல்கிறது என்று இவள் கணவரிடம் புலம்பினாள்.

அவர் சிரித்ததோடு சரி. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி இருக்கிற மனிதர். மைக்கறை போகவில்லை என்று வாடிக்கையாளர் யாராவது தாம்தூம் என்று குதித்தால், குதித்து முடித்ததும் உட்காரட்டும் என்று நாற்காலி எடுத்துப் போடுவார்.

ஒருநாள் அண்ணியின் நொட்டை கழிப்பறைக்கு வந்து சேர்ந்தது. எப்போது பார்த்தாலும் நுரை நிற்கிறதே, இந்த வீட்டில் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லையா என்று கேட்டார். மிஞ்சிய சோப்புத் தண்ணீரை அங்கேதான் கொட்டுகிறோம், சலவைக்கடையில் நுரை இல்லாமல் பன்னீரா இருக்கும் என்று இவளும் வெடுக்கென்று பதில் கொடுத்தாள். அண்ணி லேசில் விடுகிற ஆளா? கடைக்கு விடுமுறையான ஒரு நாளில் தானே கழிப்பறையைத் தேய்த்து, பொட்டு சோப்பு இல்லாமல் அலசிவிட்டார். தம்பி உள்ளே போய்விட்டு வந்ததும் எட்டிப் பார்த்தார். நுரை அப்படியே நின்றது.

அண்ணி தம்பியை நிறுத்தி, இது எத்தனை நாளாக என்று கேட்டார். அவருடைய கணவரைக் கொண்டுபோனது சிறுநீரகம்தான். அது இப்படி நுரையில்தான் தொடங்கியது என்பது இவளுக்கு அன்றைக்குத் தெரியாது.

மறுநாளே தம்பியைப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனார். பல வருடச் சர்க்கரை நோய் வேலையைக் காட்டிவிட்டது, சிறுநீரில் புரதம் ஒழுகுகிறது, இன்னும் கைமீறிப் போகவில்லை என்று டாக்டரம்மா ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, பிரஷர் மாத்திரையா, உங்களுக்கா என்று வியந்தார். வீட்டில் வந்து அளந்தால் பிரஷர் சரியாகத்தான் இருந்தது. எனக்கு எங்கே பிரஷர், எனக்குச் சேர வேண்டியதையும் அக்காவே வைத்திருக்கிறாளே என்று அவர் சிரித்தார். இவளும் சேர்ந்து சிரித்தாள்.

சில நாள் கழித்து, குனிந்து துணி எடுத்தவர் நிமிர்ந்தபோது தலை சுற்றி மேஜையைப் பிடித்துக்கொண்டார். இவள் ஓடிவந்து தாங்கிக்கொண்டாள். இல்லாத பிரஷருக்கு மாத்திரை தின்றால் தலை சுற்றாமல் என்ன செய்யும், டாக்டரம்மா ஆள் மாற்றி எழுதிவிட்டார், நிறுத்துங்கள் என்றாள். அவரும் நிறுத்திவிட்டார்.

பிரிக்காமல் கிடந்த மாத்திரை அட்டை அண்ணி கண்ணில் பட்டது. வீடு இரண்டாகப் போகிறது என்று இவள் காத்திருந்தாள். அண்ணி கத்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

“ரெண்டு பேரும் கிளம்புங்க. நிறுத்தணும்னா அந்த டாக்டரம்மா சொல்லட்டும்.”

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. முதலிலேயே விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும் என்றார்.

“இது பிரஷருக்கும் குடுக்கிற மாத்திரைதான். உங்களுக்கு அதுக்காகக் குடுக்கல. சிறுநீரகத்துக்குள்ள பொடிப்பொடியா சல்லடை இருக்கு. சர்க்கரையால அந்தச் சல்லடைக்குள்ள மட்டும் அழுத்தம் ஏறிக்கிடக்கு. கையில பட்டி கட்டி அளந்தா அது தெரியாது.”

சலவைக்காரருக்கு அந்த இடத்தில் பிடி கிடைத்தது.

“மெஷின்ல தண்ணி வெளியேறுற குழாய் நசுங்கிட்டா உள்ள வலை கிழியும். அது மாதிரியாம்மா?”

கிட்டத்தட்ட அதேதான், இந்த மாத்திரை வெளியேறும் வழியைத் தளர்த்திவிடுகிறது என்றார் டாக்டரம்மா. தலைசுற்றலுக்காக அளவைப் பாதியாக்கி, படுக்கும் முன் போட்டுக்கொள்ளச் சொன்னார். உடம்பு தாங்குகிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்து, பிறகு மெல்லக் கூட்டினார். நாலு நாளைக்கு வந்த அண்ணி மாதக்கணக்கில் தங்கிவிட்டார். மாத்திரை தொண்டையில் இறங்கும்வரை எதிரே நின்றார். சர்க்கரை டப்பாவையும் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

அடுத்த பரிசோதனையில் புரத ஒழுக்கு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. போனது போனதுதான், ஆனால் மிச்சத்தைக் காப்பாற்றிவிடலாம், தொடர்ந்து சாப்பிடுங்கள் என்றார் டாக்டரம்மா. நல்ல வேளையாகச் சீக்கிரம் வந்தீர்கள், யார் கவனித்தது என்றும் கேட்டார். வாய்த்துடுக்குக்காரி என்று பெயரெடுத்த இவள் பக்கத்தில் இருந்த அண்ணியைக் கையால் காட்டினாள்.

வெளியே வந்ததும் கணவர் வண்டி எடுக்கப் போனார். இவள் அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். எத்தனை நாள் இந்த மனுஷி எப்போது கிளம்புவார் என்று நினைத்திருக்கிறாள்.

“நீங்க வரலைன்னா நான் அந்த நுரையில தண்ணிய ஊத்திட்டுப் போயிட்டே இருந்திருப்பேன் அண்ணி. உங்களுக்கு நான் என்ன செய்யப்போறேன்னு தெரியல.”

அண்ணி கைகளை விடுவித்துக்கொள்ளவில்லை. தம்பி போன திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நானும் அப்படித்தான் ஊத்திட்டு இருந்தேன். எங்க வீட்டுக்கும் அப்ப ஒரு நாத்தனார் வந்திருக்கலாம்.”