உடன் வசிப்போர்

பதினொன்று இருபது. குடியிருப்பு அலுவலக எழுத்தர் கோவிந்தராஜ் பதிவேட்டின் அதே பக்கத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டாமென்று ஷைலா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்க பேரு இதுல இல்லியேம்மா.”

“நல்லா பாருங்க சார். டைப் டூ, நூத்திப் பதினாலு. ஜோசப்ராஜ்.”

“ஜோசப்ராஜ் இருக்காரு. பொண்ணு ஃபெபி இருக்கு. நீங்கதான் இல்ல.”

அவர் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார். ‘உடன் வசிப்போர்’ என்ற தலைப்பின் கீழ் முதல் வரியில் அவள் பெயர் இருந்தது. ஷைலா, மனைவி. அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. அடிக்கோல் வைத்துப் போட்ட, நேரான கோடு. அடியில் சின்ன எழுத்தில் ‘கடிதம் பார்க்க’ என்ற குறிப்பும் ஒரு தேதியும். மார்ச் பதினான்கு. இரண்டு வருடத்துக்கு முந்தைய மார்ச்.

அவள் ஒரு சாதாரணக் காரியத்துக்காக வந்திருந்தாள். மாநகராட்சியின் நிரந்தரப் பணியாளர்கள் மாநகர எல்லைக்குள்தான் குடியிருக்க வேண்டும் என்று போன மாதம் ஓர் உத்தரவு வந்தது. வெளியே இருப்பவர்கள் மூன்று மாதத்துக்குள் வீடு மாற வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை. ஷைலாவுக்கு அம்பத்தூரில் கொசு ஒழிப்புப் பிரிவில் வேலை. பன்னிரண்டு வருடம் தற்காலிகம், நிரந்தரமாகி மூன்று வருடம். வீடு ஆவடியில், ஜோசப்ராஜ் வேலை பார்க்கும் பாதுகாப்புத் தொழிற்சாலையின் குடியிருப்பில். நடுவில் இருப்பது ரயிலில் இரண்டு நிறுத்தம். ஆனால் ஆவடி வேறு மாநகராட்சி, வேறு எல்லை.

உத்தரவு வந்த அன்று, கூட வேலை பார்க்கும் எத்திராஜ் மருந்து டின்னின் மேல் உட்கார்ந்து சிரித்தான். “நான் திருநின்றவூரு. எங்க மச்சான் ஊடு கொரட்டூர்ல கீது. ஒரு லுங்கி, ஒரு பிரஷ்ஷு, அங்க கொண்டாந்து போட்டாச்சி. செக்கிங் வந்தா அவன் பையன் என்ன நைனான்னு கூப்டுவான். பத்து ரூவா குட்த்து பழக்கிக்கினு கீறேன்.” எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவளைப் பார்த்துச் சொன்னான்: “உனக்கின்னாக்கா, கோட்ரஸு. புருசன் சென்ட்ரல் கவுர்மென்டுன்னா உத்தரவுலயே விலக்கு போட்டுகீறான். கூடத்தான் கீறன்னு ஒரு சீல் வாங்கியாந்தா வேல முட்ஞ்சிது.”

அந்த சீலுக்காகத்தான் வந்திருந்தாள். நாளை மாலைக்குள் மண்டல அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

உத்தரவு தப்பு என்று அவளால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. போன மழையில் ரயில் இரண்டு நாள் ஓடவில்லை. மூன்றாம் நாள் அவள் போனபோது, பள்ளத்துத் தெருவில் ஜமீலா முழங்காலளவு தண்ணீரில் நின்று கதவைத் திறந்தாள். “வந்தியா? ரெண்டு நாளா எங்க போயிருந்த? உங்க ஊட்ல தண்ணி வந்துச்சா? வராது. நீங்கல்லாம் காஞ்ச பாயில பட்த்துகினு இருந்துட்டு, எங்க கொசுவ எண்ண வருவீங்க.” ஷைலா பையைத் திறந்தாள். கணக்கெடுப்புக் கார்டை எடுத்து, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். “இந்த ஊட்ல எத்தன பேர் இருக்கீங்க?” பதினைந்து வருடமாக ஒவ்வொரு கதவிலும் முதலில் கேட்கும் கேள்வி. ஆட்களின் எண்ணிக்கை, பிறகு தண்ணீர் பிடித்து வைத்திருக்கும் பாத்திரங்களின் எண்ணிக்கை. அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு ஜமீலா ஆறு பேர் என்று சொன்னாள், திட்டிக்கொண்டே.

கோவிந்தராஜ் உள்ளே போய்க் கோப்பை எடுத்துவந்தார். நடுவில் ஒரு தாளைத் தேடி விரித்தார். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். ஓரத்தைக்கூட ஜோசப்ராஜ் கத்தரித்திருந்தான். அது அவன் கையெழுத்து என்பதற்கு அவளுக்குக் கையொப்பம் தேவைப்படவில்லை.

‘என் மனைவி ஷைலா என்னுடன் வசிக்கவில்லை. எனவே அவர் பெயரைக் குடும்பப் பட்டியலிலிருந்து நீக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

அவ்வளவுதான். அவள் மறுபடி படித்தாள். காரணம் பின்பக்கத்தில் இருக்குமோ என்று தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“உங்களுக்குத் தெரியாதாம்மா?”

“தெரியும்” என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்குப் புரியவில்லை. காது இரண்டும் அடைத்திருந்தன, மருந்துப் புகை அடிக்கும் மெஷினை நிறுத்தியவுடன் அடைக்குமே, அப்படி.

கோவிந்தராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. ஜோசப் வந்து, மனைவி கூடத்தான் இருக்காங்கன்னு இந்த ஃபாரத்துல கையெழுத்துப் போட்டா நாளைக்குக் காலையிலயே சேத்துடலாம். மதியத்துக்குள்ள சான்றிதழ் ரெடி.” பிறகு, சூழ்நிலையை லேசாக்க நினைத்தவர்போல, “இல்லன்னா இந்த லெட்டரையே ஜெராக்ஸ் எடுத்து உங்க ஆபீஸ்ல குடுங்க. நீங்க ஆவடியில இல்லன்னு அரசாங்கமே ஒத்துக்கிட்ட மாதிரி. உங்களுக்கு நல்லதுதானே?” என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் பதிவேட்டை மூடினார்.

வீட்டுக்கு நடந்தாள். ஒரே மாதிரி மஞ்சள் கட்டடங்கள். நூற்றுப் பதினான்கின் படிக்கட்டுக் கம்பியில் அவள் காலையில் மாட்டிய பால் பாக்கெட் பை அப்படியே தொங்கியது. சாவியைப் போட்டாள். திறந்தது.

இரண்டு வருடத்தில் என்ன நடந்தது என்று யோசித்தாள். எதுவும் நடக்கவில்லை. தினம் காலை ஐந்தே முக்காலுக்கு அவன் அவளை வண்டியில் ஸ்டேஷனில் விட்டான். மழையென்றால் தன் ரெயின்கோட்டைக் கழற்றிக் கொடுத்தான். சண்டை போட்டார்கள், எல்லா வீட்டையும்போல, ஃபெபியின் மார்க்குக்காக, அவன் தம்பி ஜாபஸின் கல்யாணத்துக்குப் போட வேண்டிய மோதிரத்துக்காக. குடித்துவிட்டு வந்ததில்லை. வீட்டுக்கு வராமல் இருந்ததில்லை. போனை எங்கே வேண்டுமானாலும் வைத்துவிட்டுக் குளிக்கப் போவான். பட்டியலில் பெயர் இருந்தால் தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கலாம். மாநகராட்சிக் காப்பீட்டு அட்டை அவளிடம் இருந்ததால் அங்கே போனதில்லை. ஒரு தடவை பல் வலிக்குப் போகலாம் என்றபோது, அங்கே கூட்டமாக இருக்கும் என்று அவன் வெளியே கூட்டிப்போனான். பல் பிடுங்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மார்ச் பதினான்கு. அந்த வாரத்தை எங்கிருந்தாவது பிடிக்க வேண்டும். அலமாரியில் ரசீதுகள் வைக்கும் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தாள். ஃபிரிட்ஜின் வாரண்டி கார்டு கிடைத்தது. மார்ச் பதினாறு.

அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்த இரண்டாம் நாள். கடையில் அரைமணி நேரம் நின்றார்கள். சிவப்பா நீலமா என்று அவன்தான் கேட்டான். “சமையல்கட்டுல நிக்கிறது நீ. நீ சொல்லு.” நீலம் என்றாள். லிஃப்ட் இல்லை. மாடிப்படியில் கடைப்பையனை முன்னால் விட்டு, கனமான அடிப்பக்கத்தை அவன் பிடித்துக்கொண்டான். அவள் பின்னாலேயே, “பாத்து, பாத்து” என்று ஏறினாள்.

ஃபிரிட்ஜ் திடீரென்று ஓடத் தொடங்கியது. அவள் திடுக்கிட்டு எழுந்துவிட்டாள்.

ஐந்து மணிக்கு ஆலைச் சங்கு ஊதியது. ஃபெபி டியூஷனில் இருந்தாள். ஐந்து இருபதுக்குக் கீழே வண்டிச் சத்தம். அவன் கையில் கீரைக்கட்டும் அவள் கேட்டிருந்த தலைவலித் தைலமும் இருந்தன.

“என்ன, சீக்கிரமே வந்துட்ட? சீல் அடிச்சுக் குடுத்தானா?”

மேஜையில் ஃபாரம் இருந்தது. கையெழுத்துக்கான இடத்தில் கோவிந்தராஜ் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தார். ஜோசப்ராஜ் கீரையை வைத்துவிட்டு ஃபாரத்தை எடுத்தான். மேலே தலைப்பை மட்டும் படித்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. கண் கீழே இறங்கவில்லை. அவள் அவன் முகத்தையே பார்த்தாள். கோபம் வரும், பொய் வரும், குறைந்தபட்சம் ஆச்சரியமாவது வரும் என்று நினைத்தாள். வந்தது வேறு. ரொம்ப நாளாக எதிர்பார்த்த ஆள் வந்து சேர்ந்ததுபோல அவன் தோள் தளர்ந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

“மார்ச்ல” என்றாள். “ஃபிரிட்ஜ் வாங்குன வாரம்.”

அவன் தலையசைத்தான். நினைவிருக்கிறது என்பதுபோல.

அவள் எதிரே உட்கார்ந்தாள். திட்ட வேண்டும் என்று மதியம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த எந்தச் சொல்லும் வரவில்லை. யார் அவள், எதற்காக, என்னிடம் என்ன இல்லை? கை தானாகப் போய்த் தோள்பையைத் திறந்தது. உள்ளே நாளைக்கு வைத்திருந்த புதுக் கார்டுக் கட்டு. மேலிருந்த ஒன்றை உருவினாள். பேனாவைத் திறந்தாள். கதவு எண் என்ற இடத்தில் நூற்றுப் பதினான்கு என்று எழுதினாள். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவன் பெயரை எழுதினாள். எழுத்து கோணவில்லை.

பேனா அடுத்த கட்டத்தின் மேல் நின்றது. ஃபாரம் அவன் கையிலேயே இருந்தது.

“சொல்லு” என்றாள். “இந்த ஊட்ல எத்தன பேர் இருக்கீங்க?”