ஏழாம் நம்பர் நத்தை

அண்ணி நத்தைகளுக்கு நெயில் பாலிஷ் பூசுகிறாள் என்ற செய்தியை நாத்தனார் முதல் நாளே தன் தோழிகள் எல்லோருக்கும் போனில் சொல்லிவிட்டாள். பாலிஷ் அவளுடையதுதான். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அண்ணன் வீட்டுக்கு வந்தவள், வந்து மூன்று மாதம் ஆகிறது. இன்னும் பெட்டியிலிருந்துதான் துணி எடுத்து உடுத்துகிறாள். அண்ணி தோண்டிக் கேட்கவில்லை.

அண்ணிக்குக் கல்லூரியில் உயிரியல் ஆராய்ச்சி. கேள்வி சின்னதுதான்: பத்தடி தள்ளி விட்டால் நத்தை தன் தொட்டிக்குத் திரும்புமா? கொல்லையில் இருபது தொட்டி, இருபது நத்தை, ஓட்டிலும் தொட்டியிலும் பாலிஷால் எழுதிய ஒரே எண். மாலையில் சுவரோரம் விடுவாள். காலையில் எண்ணி நோட்டில் எழுதுவாள். ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு கட்டக் கூடாது, பல நாள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நாத்தனாருக்கு விளக்கினாள். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதே இதை அண்ணனிடம் சொல்லியிருக்கலாமே என்றாள் அவள்.

ஒன்பது நாளும் ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் வீடு திரும்பின. அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. நத்தைக்கு ஏது ஞாபகம் என்று சிரித்த துறைத்தலைவர் முன்னால் வெள்ளிக்கிழமை இந்த நோட்டை வைத்தால்தான் ஆராய்ச்சி தொடரும்.

பத்தாம் நாள் காலை, ஏழாம் நம்பர் தொட்டியில் ஏழாம் நம்பர் நத்தை சமர்த்தாக இருந்தது. ஓட்டைச் சுற்றி எறும்பு. திருப்பிப் பார்த்தாள். உள்ளே காலி. நேற்று மாலை சுருண்டு தூங்குகிறது என்றுதான் நினைத்திருந்தாள். செத்த நத்தை பத்தடி நடந்து வந்திருக்கிறது.

நாத்தனார் பல் துலக்கிக்கொண்டே வந்து எட்டிப்பார்த்தாள்.

"பின்ன என்ன அண்ணி? விடிஞ்சு பார்த்தா எல்லாம் குழாயடியிலயும் சுவரோரத்திலயும் திக்குத் தெரியாம நிக்குது. நம்பர் இருக்கு, வீடு இருக்கு. கொண்டுபோய் விட்டா என்ன குறைஞ்சு போச்சு?"

அண்ணிக்குக் கோபம் வந்தது, ஆனால் யார்மேல் என்று தெரியவில்லை. நடுவில் கை வைக்கக் கூடாது என்ற ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லாமல் விட்டது தான்தானே. கணக்கு இவ்வளவு அழகாக வந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எல்லாம் வீடு திரும்ப வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டதால் சந்தேகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை துறைத்தலைவரிடம் நடந்ததை அப்படியே சொன்னாள். அவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, இன்னும் பத்து நாள் கொடுத்தார், நாத்தனாரைக் கட்டிப்போடச் சொல்லி.

கட்டிப்போடவில்லை. ஏழுக்குப் பதில் புதிதாக ஒன்றைப் பிடித்துவிட்டு, அவளையே நோட்டோடு உட்கார வைத்தாள். கைகளை மடியில் இறுக்கிக்கொண்டு நாத்தனார் எண்ணினாள். தினமும் ஆறு ஏழுதான் திரும்பின.

"மத்ததெல்லாம் வேற தொட்டியில இருக்கு அண்ணி. நல்லாத்தான் தின்னுட்டு இருக்கு. அதையும் எழுதணுமா?"

"அதைத்தான் முதல்ல எழுதணும்."

அவள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, துணி வைக்க அலமாரியில் பாதியை ஒழித்துத் தரட்டுமா என்று அண்ணி கேட்டாள்.

"பத்து நாள் எண்ணிப் பார்த்துட்டுச் சொல்றேன்," என்றாள் நாத்தனார், நோட்டிலிருந்து தலை நிமிராமல்.