முதலியார் கைப் போணி

யுத்தம் வந்து அரிசி விலை ஏறியதும் சைதாப்பேட்டைச் சந்தையில் ராமானுஜ முதலியாரின் மளிகைக் கடையும் ஏறியது. ஒரு கடை மூன்றாயிற்று. உடனே அவருக்கு அக்கம்பக்கத்தார் மேல் பாசம் பிறந்தது. தினமும் காலையில் கடை கடையாகப் போய்த் தம் கையாலேயே போணி செய்தார். ராசியான கை என்று எல்லோரும் பூரித்தார்கள். போகப்போக, முதலியார் வந்து முதல் காசு கொடுக்காமல் ஒருவனும் தராசைத் தொடுவதில்லை என்றாகிவிட்டது.

தகரக் கடை பீர் முஹம்மது மட்டும் அந்தக் காசை வாங்கவில்லை.

"ஜப்பான்காரன் இப்படித்தான் சிரிச்சிக்கினே போய் பக்கத்து நாட்டையெல்லாம் வளைக்கிறானாம். இதுவும் அதே சிரிப்பு" என்றார்.

"உனுக்கு யாரத்தான் நைனா புடிக்கும்?" என்றாள் கன்னியம்மா. ஊரூர்க் குப்பத்திலிருந்து வந்து அவர் கடை எதிரே மீன் விற்பவள்.

அந்த வருஷம் சந்தைத் தலைவர் பதவிக்கு முதலியார் நின்றார். ஜெயித்தால் மீன்கூடைகளை ஆற்றங்கரைக்குத் துரத்திவிட்டு, கூடைகள் இருந்த இடத்தில் கிடங்கு கட்டுவாராம். கூடவே கூடாது என்றார் பீர் முஹம்மது. கருணையெல்லாம் இல்லை, மீன் வாங்க வருகிறவர்கள்தான் அவர் கடையிலும் நிற்பார்கள்.

கை தூக்கித் தேர்ந்தெடுக்கும் நாள். முதலியார் பெரிய மனிதர்களை அழைத்துவரப் போனவர், போணியை மறந்தே போனார். கடைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னும் போணி ஆவலம்மா, அப்பால வா" என்று வந்த கிராக்கியைத் திருப்பினார்கள். வெயில் ஏறியது. கூட்டம் மாம்பலம் பக்கம் நடையைக் கட்டியது.

பீர் முஹம்மதுக்குப் பொறுக்கவில்லை. "கன்னியம்மா, காசு கீதா? கடைக்குக் கடை எதுனா வாங்கு, போ."

"மீன்காரி கையில போணியா? தொரத்துவானுங்க!"

"காலையிலேந்து ஈ ஓட்டிக்கினு கீறானுங்க. வாங்குவானுங்க."

வெற்றிலைக் கடைச் சங்கரன் முதலில் முகத்தைச் சுளித்தான். பிறகு காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அப்புறம் புளி, உப்பு, பூ, வளையல் என்று சந்தையே விழித்துக்கொண்டது.

முதலியார் கழுத்தில் பூமாலையோடு வந்து சங்கரனிடம் காசை நீட்டினார்.

"போணி ஆயிடுச்சுங்க."

"யார் கை?"

"நம்ம கன்னியம்மா. வந்த கிராக்கி நிக்குது, கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க."

பிற்பகல் கூட்டத்தில் ஒரு கையும் எழவில்லை. "கன்னியம்மா கூடை இங்கியே இருக்கும்னு சொல்லுங்க, தூக்குறோம்" என்றார்கள். முதலியார் கெட்டிக்காரர், சிரித்தபடியே சொல்லிவிட்டார். கைகள் எழுந்தன.

மறுநாள் கன்னியம்மா பீர் முஹம்மதிடம் காசை நீட்டினாள். "உனுக்கும் என் கையாலயே போணி, நைனா."

"வாணாம் போ. தெனம் வாங்கினா, அடுத்த வருசம் நீ தலைவருக்கு நிப்ப."

"நிப்பேன்!" என்று சிரித்தாள் அவள். சந்தை முழுக்க அந்தச் சிரிப்பு கேட்டது.